பார்த்திராத ஊருக்கு ரயிலில் ஒரு குழுவை அழைத்துப் போவது எப்படி?

வருகிற அக்டோபரில் என்னோடு சேர்த்து 18 பேர் சென்னையிலிருந்து சிம்லாவுக்கு ரயிலில் போகிறோம். அதில் பத்துப் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். இதற்கு முன் ஊட்டி மலை ரயிலுக்கும் கொங்கண் பாதைக்கும் சில குழுக்களை அழைத்துப் போயிருக்கிறேன். இமயமலைப் பக்கம் இதுதான் முதல் முறை. பெயர் கொடுக்க வந்த ஒரு பாட்டி எடுத்த எடுப்பில், "தம்பி, அந்த ஊர் உனக்குப் பழக்கமா?" என்று கேட்டார். இல்லை என்று உண்மையைச் சொன்னேன். "அப்போ எங்களை எப்படிப்பா கூட்டிட்டுப் போவே?" என்றார்.

அவருக்குச் சொன்ன பதிலைத்தான், முதல் முறையாக ஒரு குழுவை ரயிலில் அழைத்துப் போக ஆசைப்படுகிறவர்களுக்காக இங்கே விரித்து எழுதுகிறேன். ஊர் பழக்கமில்லாமல் இருக்கலாம். ரயில் மாறுகிற இடங்கள் பழக்கமாகியிருக்க வேண்டும். ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போது வழிநடத்துபவருக்குப் பெரிய வேலை கிடையாது, தண்டவாளமே கூட்டிக்கொண்டு போய்விடும். ஒரு ரயிலை விட்டு இறங்கி அடுத்ததில் ஏறுவதற்குள்தான் ஆள் தொலைகிறார், பெட்டி தொலைகிறது, பொறுமையும் போகிறது. இந்த இடங்களை நான் மூட்டுகள் என்று சொல்வேன். பயணத்தில் வலி வருவதெல்லாம் அங்கேதான். சிம்லா பயணத்தையே உதாரணமாக வைத்து, நான் என்ன வரிசையில் தயாராகிறேன் என்று சொல்கிறேன். உங்கள் ஊர் டார்ஜிலிங்காக இருந்தாலும் வரிசை இதேதான்.

முதலில் பாதையைப் படியுங்கள்

ஹோட்டலைத் தேடுவதற்கு முன் பாதையைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு நோட்டில் ஒரு பக்கம் முழுக்க மேலிருந்து கீழாகக் கோடு போட்டு, ஸ்டேஷன் பெயர்களை வரிசையாக எழுதுங்கள். மலை ரயில் புறப்படுகிற அடிவார ஊரான கால்கா, பிறகு தர்மபூர், பரோக், சோலன், கண்டாகாட், ஷோகி, தாராதேவி, சம்மர் ஹில், சிம்லா. இது முழுப் பட்டியல் இல்லை, முக்கியமானவை மட்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தூரம், உயரம், அங்கே என்ன பார்க்கலாம் என்று குறித்துக்கொண்டே வந்தால், போகாத பாதையும் ஒரு வாரத்தில் மனதில் பதிந்துவிடும்.

கால்கா–சிம்லா பாதை 1903-இல் திறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 96 கிலோமீட்டர். கால்கா 656 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சிம்லா ஸ்டேஷன் 2,076 மீட்டரில். நடுவில் 102 சுரங்கப் பாதைகள், 800-க்கு மேல் பாலங்கள், 919 வளைவுகள். 2008-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. டார்ஜிலிங் பாதை 1999-லும், நம் நீலகிரிப் பாதை 2005-லும் அதே பட்டியலில் இடம்பிடித்தவை.

இந்த எண்களை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதில் பயனில்லை. வருகிறவர்களுக்குத் தெரிந்த ஒன்றோடு சேர்த்துச் சொன்னால்தான் மனதில் நிற்கும். தமிழ்நாட்டுக்காரர்கள் கால்காவில் ஏறியதும் "பல் சக்கரம் எங்கே?" என்று நிச்சயம் கேட்பார்கள். ஊட்டி ரயில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே 12.28 அடி நகர்ந்தால் ஓர் அடி ஏற வேண்டியிருக்கிறது, அதனால் அதற்குப் பல் தண்டவாளம் தேவை. சிம்லா பாதையில் ஏற்றம் 33-க்கு 1 தான். செங்குத்தாக ஏறுவதற்குப் பதில் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது, அதனால்தான் அத்தனை வளைவுகள். இன்னொன்றும் சொல்லுங்கள்: இமயமலை என்றதும் மூச்சு முட்டுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். ஊட்டி 2,240 மீட்டர், சிம்லா ஸ்டேஷனை விட உயரம். எங்கள் குழுவில் பாதிப் பேரின் பயம் இந்த ஒரு தகவலில் போய்விட்டது. (இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் பெயர் கொடுக்க வேண்டும். அது எந்த மலைக்கும் பொருந்தும்.)

நம் ஊர்க் காலண்டரை அங்கே கொண்டு போகாதீர்கள்

நமக்கு ஐப்பசி என்றால் அடைமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீலகிரியில் மண் சரிந்து மலை ரயில் அடிக்கடி ரத்தாகும். சிம்லாவில் இது தலைகீழ். அங்கே ஜூலை, ஆகஸ்டில்தான் மழை கொட்டும். அக்டோபரில் வானம் தெளிந்து தூரத்துப் பனிமலைகள் தெரியும். 2023 ஆகஸ்ட் மழையில் சம்மர் ஹில் அருகே மண் சரிந்து தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. பல வாரங்கள் சிம்லா வரை ரயில் போகவில்லை. பள்ளி விடுமுறையையோ கட்டணக் குறைவையோ பார்த்து ஆகஸ்டில் தேதி குறிப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

டிசம்பர், ஜனவரியில் பனி பார்க்கலாமே என்று கேட்பார்கள். பார்க்கலாம். ஆனால் அப்போது வட இந்தியச் சமவெளியில் மூடுபனி இறங்கி டெல்லி வருகிற ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். பல ரயில்களை மாறிப் போகிற ஒரு குழுவுக்கு அந்த மாதங்கள் சரிப்படாது. கொங்கண் பாதையில் இன்னொரு விதம்: மழைக்காலத்துக்கென்று தனி நேர அட்டவணையே உண்டு, ரயில்களை மெதுவாக ஓட்டுவார்கள். மே மாத அட்டவணையைப் பார்த்து ஜூலைப் பயணத்துக்குத் திட்டம் போட்டால் முதல் நாளே எல்லாம் குலைந்துபோகும்.

தசரா, தீபாவளி நாட்களையும் சனி, ஞாயிறையும் தவிர்த்து எங்கள் தேதியைக் குறித்தோம். விடுமுறை நாட்களில் டெல்லி, சண்டிகர் பக்கத்திலிருந்து சிம்லாவுக்குக் கூட்டம் ஏறிவிடும்.

மூட்டுகளை எண்ணுங்கள்

இந்தப் படிக்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன்.

எங்கள் பயணத்தில் போகும்போது மூன்று ரயில்கள். சென்னை சென்ட்ரலிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் புது டெல்லி, இரண்டு இரவு ஒரு பகல். டெல்லியிலிருந்து கால்கா சதாப்தி. கால்காவிலிருந்து மலை ரயில். அதாவது இரண்டு மூட்டுகள், டெல்லியும் கால்காவும். ஒவ்வொரு மூட்டுக்கும் நான்கு கேள்விகள் எழுதிப் பதில் தேடுகிறேன். இறங்குவதும் ஏறுவதும் ஒரே ஸ்டேஷன்தானா? நடுவில் எவ்வளவு நேரம்? அந்த நேரம் முழுக்க வயதானவர்கள் எங்கே உட்காருவார்கள், கழிவறை எங்கே? முதல் ரயில் மூன்று மணி நேரம் தாமதமானால் என்ன செய்வோம்?

முதல் கேள்வியை அலட்சியப்படுத்தாதீர்கள். டெல்லியில் புது டெல்லி, பழைய டெல்லி, ஹஸ்ரத் நிஜாமுதீன், ஆனந்த் விஹார் என்று நான்கு பெரிய ஸ்டேஷன்கள் இருக்கின்றன. நிஜாமுதீனில் இறங்கிப் பழைய டெல்லியில் ஏற வேண்டிய டிக்கெட்டை, "டெல்லிதானே" என்று எடுத்துவிடுவது புதியவர்கள் செய்கிற சகஜமான தவறு. பெட்டிகளோடு 18 பேர் அந்த நெரிசலைக் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம்.

கால்காவுக்கு இரவில் போகிற நேதாஜி எக்ஸ்பிரஸ் உண்டு. ஹவுராவிலிருந்து வருகிற பழைய கால்கா மெயில்தான் அது. 2021-இல் பெயர் மாறியது. ஒரு ராத்திரி ஹோட்டல் செலவு மிச்சமாகும், விடியுமுன் கால்காவில் இறங்கிக் காலை மலை ரயிலைப் பிடிக்கலாம். இளைஞர்கள் மட்டும் என்றால் நானும் அதையே எடுப்பேன். இரண்டு இரவு ஏற்கெனவே ரயிலில் கழித்த எழுபது வயதுக்காரர்களை மூன்றாவது இரவும் ரயிலில் ஏற்றி, அந்தக் குளிரில் விடியுமுன் பிளாட்பாரத்தில் உட்கார வைக்க எனக்கு மனமில்லை. அதனால் டெல்லியில் ஒரு நாள் தங்கல். நன்றாகக் குளித்து, தூங்கி, மறுநாள் காலை சதாப்தி. அந்த ஒரு நாள், சென்னை ரயில் எவ்வளவு தாமதமானாலும் தாங்கிக்கொள்கிற மெத்தை. முதல் பயணம் போகிறவர்கள் இந்த மெத்தைக்கான செலவில் கை வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஹோட்டலில் ஒரு நட்சத்திரம் குறைத்துக்கொள்ளலாம்.

கால்காவில் அகல ரயில் பாதையும் குறுகிய பாதையும் ஒரே ஸ்டேஷனில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அதனால் அந்த மூட்டு சுலபம். ஆனால் சதாப்தியில் வருகிற மற்றவர்களும் அதே மலை ரயிலுக்குத்தான் ஓடுவார்கள். நம் ஆட்கள் ஓட வேண்டியதில்லை, இருக்கை முன்பதிவு ஆகியிருக்கிறது. இதை முந்தின நாளே சொல்லி வையுங்கள்.

டிக்கெட்

ரயில்வேயில் இப்போது 60 நாட்களுக்கு முன்தான் முன்பதிவு திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன் 120 நாளாக இருந்தது, பழைய கணக்கை வைத்துக்கொண்டு யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம். காலை 8 மணிக்குத் திறக்கும். அந்த 60 நாள் கணக்கு, ரயில் புறப்படுகிற முதல் ஸ்டேஷனின் தேதியிலிருந்து. இரண்டாம் நாள் நம் ஊருக்கு வருகிற ரயில் என்றால் கணக்கு ஒரு நாள் முன்னாலேயே தொடங்கிவிடும். போகிற ரயில், அங்கிருந்து மலை ரயில், திரும்புகிற ரயில் என்று ஒவ்வொன்றுக்கும் முன்பதிவு வெவ்வேறு காலையில் திறக்கும். ஒரு காலண்டரில் எல்லாவற்றையும் வட்டமிட்டுச் சுவரில் மாட்டுங்கள்.

ஒரு டிக்கெட்டில் அதிகபட்சம் ஆறு பேர். 18 பேருக்கு மூன்று டிக்கெட் போதும் என்று தோன்றும். பொறுங்கள். கீழ் பெர்த்துக்கென்று தனி ஒதுக்கீடு இருக்கிறது: 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும். ஆனால் டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ மட்டும் இருந்தால்தான் அது கிடைக்கும். ஆறு பேரைச் சேர்த்துப் போட்டால் அந்த ஒதுக்கீட்டுக்குள் போகவே முடியாது, பாட்டிக்கு அப்பர் பெர்த் விழுந்தாலும் கேட்க முடியாது. அதனால் டெல்லி ரயிலுக்கு எங்கள் பத்து மூத்தவர்களையும் இரண்டிரண்டு பேராக ஐந்து டிக்கெட், மற்ற எட்டுப் பேருக்கு ஆறும் இரண்டுமாக இரண்டு டிக்கெட், ஆக ஏழு. சதாப்தியிலும் மலை ரயிலிலும் உட்கார்ந்து போவதுதான், அங்கே மூன்று டிக்கெட் போதும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு பெட்டியில் அந்த ஒதுக்கீட்டில் சில பெர்த்துகளே உண்டு என்பதால், தனித்தனியாகப் போட்ட ஐந்து ஜோடிகளும் வெவ்வேறு பெட்டிகளுக்குச் சிதறலாம். கீழ் பெர்த்தா, ஒன்றாக இருப்பதா என்று முடிவு செய்தாக வேண்டும். நான் கீழ் பெர்த்தையே தேர்ந்தெடுப்பேன். இரண்டு இரவு ஏணி ஏறி இறங்குகிற முழங்கால் வலியை எந்தப் பேச்சுத் துணையும் ஈடு செய்யாது. பெட்டிகளுக்குள்ளேயே நடந்து போகலாம், பகலில் எல்லோரும் ஓர் இடத்தில் கூடிக்கொள்ளலாம். நான் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சுற்றி வருவேன்.

ஐம்பது, அறுபது பேரோடு போவதாக இருந்தால் ஐ.ஆர்.சி.டி.சி. வழியாக முழுப் பெட்டியையே வாடகைக்கு எடுக்கும் எஃப்.டி.ஆர். வசதி இருக்கிறது. பாதுகாப்புத் தொகை கட்ட வேண்டும். முதல் பயணத்துக்கு அவ்வளவு பெரிய கூட்டம் வேண்டாம். 12 முதல் 18 பேர் வரை ஒருவர் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் உதவிக்கு இன்னொருவர் கட்டாயம்.

சட்டம் ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் சொந்தக் கணக்கில் மற்றவர்களுக்கு டிக்கெட் எடுத்து அதில் லாபம் வைத்து விற்றால் அது ரயில்வே சட்டம் 143-ஆம் பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நாங்கள் செலவைப் பகிர்ந்துகொண்டு போகிற நண்பர்கள் குழு, அதிலும் அவரவர் வீட்டிலேயே அவரவர் கணக்கில் டிக்கெட் எடுக்கச் சொல்கிறேன். தொழிலாகச் செய்ய விரும்புகிறவர்கள் அங்கீகாரம் பெற்ற முகவராகப் பதிந்துகொண்டோ, அப்படிப்பட்ட முகவர் மூலமாகவோதான் செய்ய வேண்டும்.

அப்புறம், பெயர் எழுத்து அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும். வெயிட்டிங் லிஸ்டில் போட்டுவிட்டு "கன்ஃபர்ம் ஆகிடும்" என்று நம்பிக்கை கொடுக்காதீர்கள். ஆன்லைன் டிக்கெட்டில் எல்லோருமே வெயிட்டிங் லிஸ்டில் நின்றால் சார்ட் போட்டதும் டிக்கெட் தானாக ரத்தாகிவிடும்.

ஒரு முறை தனியாகப் போய் வாருங்கள்

கடந்த மார்ச்சில் நான் மட்டும் சிம்லா போய் வந்தேன். ஊர் சுற்றவில்லை. ஊரை ஒரே நாளில் பார்த்துவிட்டு மற்ற நேரம் முழுக்க ஸ்டேஷன்களில் கழித்தேன். எழுபது வயது, முழங்கால் வலி, கையில் ஒரு பெட்டி என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். எத்தனை படிகள், லிஃப்ட் வேலை செய்கிறதா, எந்த நடைமேம்பாலத்தில் சாய்தளம் இருக்கிறது, காத்திருப்பு அறைக் கழிவறை எப்படி, போர்ட்டர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். டெல்லியில் இறங்கிய பிளாட்பாரத்திலிருந்து வெளியே வாடகை வண்டி நிற்கிற இடம் வரை கைப்பேசியில் வீடியோவும் எடுத்தேன். அதைக் குழுவுக்குப் போட்டுக் காட்டியபோது அவர்கள் முகத்தில் வந்த நிம்மதியை மறக்க மாட்டேன். தெரியாத இடம் என்ற பயம் பாதி அங்கேயே கரைந்துபோனது.

அந்தப் பயணத்தில் கற்றதில் முக்கியமானது ஒன்று. சிம்லா ஸ்டேஷனில் இறங்கியதும் பயணம் முடிந்துவிடவில்லை. ஊரின் முக்கியக் கடைத்தெருவான மால் ரோடு மேலே இருக்கிறது, அங்கே வண்டிகளை விட மாட்டார்கள். கீழே கார்ட் ரோட்டிலிருந்து மேலே போக லிஃப்ட் இருக்கிறது. மால் ரோட்டில் "அருமையான வியூ" உள்ள ஹோட்டலைப் பதிவு செய்திருந்தால், களைத்து வந்த பெரியவர்களை ஏற்றத்தில் நடக்க விட்டிருப்பேன். வண்டி வாசல் வரை வருகிற ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். வரைபடத்தில் பார்த்தால் இரண்டுக்கும் சில நூறு மீட்டர்தான் வித்தியாசம். ஏற்றம் வரைபடத்தில் தெரியாது.

போய்ப் பார்க்கவே முடியாத நிலை என்றால், தங்கப் போகும் விடுதிக்கு போன் போட்டு இந்தக் கேள்விகளையே கேளுங்கள். "ஸ்டேஷனிலிருந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்டால் எல்லோரும் "பக்கம்தான்" என்பார்கள். "கைத்தடி வைத்து நடக்கிற அம்மா ஒருவர் வருகிறார், அவர் எத்தனை படி ஏற வேண்டும்?" என்று கேளுங்கள். சரியான பதில் வரும்.

புறப்படுமுன் ஒரு சந்திப்பு

பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் எல்லோரையும் ஓர் இடத்தில் உட்கார வையுங்கள். வாட்ஸாப்பில் அனுப்பினால் போதாது, மூத்தவர்கள் பலர் படிப்பதில்லை.

பெட்டி விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு தோள்பை, தானே தூக்கக்கூடிய எடை. மலை ரயில் பெட்டிகள் சின்னவை. தண்டவாள அகலமே 762 மில்லிமீட்டர்தான், ஊட்டி ரயிலை விடக் குறுகல். பெரிய பெட்டிகளுக்கு இடமே இருக்காது. நாங்கள் கால்காவிலிருந்து பெரிய பெட்டிகளை ஒரு வேனில் சாலை வழியாக அனுப்புவதாக இருக்கிறோம், நம்மில் ஒருவர் கூடவே போவார்.

சாப்பாடு. முதல் இரவுக்குத் தயிர் சாதம், மறுநாளுக்குப் புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, சப்பாத்தி. அதற்கு மேல் வாங்கித்தான் சாப்பிட வேண்டும். வடக்கே சோறே கிடைக்காது என்று நினைக்கிறார்கள். ராஜ்மா சாவல் எங்கும் கிடைக்கும், சிவப்புக் காராமணி மாதிரி ஒரு பயறுக் குழம்பும் சோறும் என்று விளக்கினால் புரிந்துகொள்வார்கள்.

அடுத்ததைச் சொல்லும்போது நான் எழுந்து நின்று சொல்வேன். அடுப்பு, கேஸ் சிலிண்டர், கற்பூரம் கொளுத்துவது, எதுவும் ரயிலில் கூடாது. 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலை மதுரை ஸ்டேஷன் அருகே நிறுத்தியிருந்த ஒரு சுற்றுலாப் பெட்டி தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். லக்னோவிலிருந்து கோயில்களைப் பார்க்க வந்தவர்கள். பெட்டிக்குள் கொண்டுவந்திருந்த கேஸ் சிலிண்டரால் வந்த தீ. அவர்களும் நம்மைப் போல ஒரு குழுவாக, காபி, டீக்கு ஆசைப்பட்டு வந்தவர்கள்தான். அவர்களுக்கு நம் ஊர் எப்படியோ, அப்படித்தான் நமக்குச் சிம்லா. கடைசி நேரத்தில் யாராவது "சின்ன ஸ்டவ்தான்" என்று எடுத்து வந்தால் வழிநடத்துபவர் முகத்துக்கு அஞ்சாமல் அதை வீட்டுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். ஃபிளாஸ்க்கில் வெந்நீர் வாங்கிக்கொள்ளலாம்.

மருந்து, ரத்த வகை, வீட்டில் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்ற விவரங்களை அன்றே எழுதி வாங்குங்கள். ஒரு நகல் உங்களிடம், ஒரு நகல் குழுவில் இன்னொருவரிடம்.

எண்ணிக்கை

கொங்கண் பாதையில் என் இரண்டாவது குழு. ஒரு சிறிய ஸ்டேஷனில் வண்டி நின்றது. எங்களில் ஒருவர் டீ வாங்க இறங்கினார். நீராவி, டீசல் காலத்து ரயில் போல உறுமிவிட்டுக் கிளம்பும் என்று அவர் நினைத்திருக்கிறார். மின்சார எஞ்சின் சத்தமில்லாமல் நகர்ந்துவிட்டது. அவர் போன் பெர்த்தில் சார்ஜில் கிடந்தது. பர்ஸில் பணம் இருந்தது, ஆனால் எங்கள் எண் மனப்பாடம் இல்லை, அடுத்து எங்கே இறங்குகிறோம் என்பதும் தெரியவில்லை. அவர் மனைவி அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. ஸ்டேஷன் மாஸ்டர் உதவியோடு அவர் அடுத்த வண்டியில் வந்து சேர ஐந்து மணி நேரம் ஆனது. எண்ணிப் பார்க்காதது என் தவறு.

அன்றிலிருந்து ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஓர் அட்டை. ரயில் எண், பெட்டி, பெர்த், இறங்கும் ஊர், என் எண், இன்னொருவர் எண், தங்கும் விடுதியின் பெயர், ரயில்வே உதவி எண் 139. போகிற ஊர் மொழியிலும் எழுத வேண்டும், சிம்லாவுக்கு இந்தி. அட்டையைக் காட்டினால் போதும், பேசத் தெரிய வேண்டியதில்லை.

18 பேரை நீங்கள் ஒருவரே நெரிசலில் எண்ண முடியாது. எல்லோரையும் ஜோடியாக்குங்கள். கணவன் மனைவி ஒரே ஜோடி வேண்டாம் என்பது என் கருத்து. இருவரும் சேர்ந்தே காணாமல் போவார்கள். முடிந்தவரை ஒரு மூத்தவருக்கு ஓர் இளையவர். "ஜோடி இருக்கா?" என்று கேட்டால் ஒன்பது குரல் வர வேண்டும். எட்டு வந்தால் நகரக் கூடாது. எப்போது எண்ணுவது? இறங்குவதற்கு 20 நிமிடம் முன்பு, இறங்கியதும், அடுத்த வண்டியில் ஏறியதும், அது நகர்ந்த பிறகு ஒரு முறை.

மலை ரயிலில்

இங்கே வந்துவிட்டால் நீங்களும் ரசிக்கலாம், உங்கள் வேலையில் பாதி முடிந்துவிட்டது. ஜன்னல் இருக்கை சண்டை மட்டும் வரும். பாதி வழியில், பரோக்கில், இடம் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று முதலிலேயே பேசி வையுங்கள். வளைவுகளில் தலைசுற்றல் வருகிறவர்களுக்குக் காகிதப் பை, எலுமிச்சை, இஞ்சி மிட்டாய் கையில் இருக்கட்டும். காலையில் வயிறு நிறையச் சாப்பிட விடாதீர்கள். ஸ்டேஷன்களில் குரங்குகள் உண்டு, ஜன்னலில் தின்பண்டம் வைக்க வேண்டாம்.

கதை சொல்வதற்கு ஏற்ற இடம் பரோக். இந்தப் பாதையின் மிக நீளமான சுரங்கம், 33-ஆம் எண், 1,143 மீட்டர், கடக்க இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஆகும். பரோக் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இரு பக்கமிருந்தும் குடைந்ததாகவும், நடுவில் இரண்டும் சந்திக்காமல் போனதாகவும், அரசு அவருக்கு ஒரு ரூபாய் அபராதம் போட்டதாகவும், அவமானம் தாங்காமல் அவர் உயிரை விட்டதாகவும் அங்கே சொல்கிறார்கள். பிறகு பல்கு என்ற உள்ளூர் மலைவாசி கைத்தடியால் பாறையைத் தட்டிச் சரியான வழியைக் காட்டியதாகவும் சொல்கிறார்கள். சிம்லாவில் உள்ள ரயில் அருங்காட்சியகத்துக்கு பாபா பல்கு பெயர்தான். இதைச் சொல்லும்போது "சொல்கிறார்கள்" என்ற வார்த்தையை விடாதீர்கள். சுரங்கத்தின் நீளம் அளந்து பார்த்தது, கைத்தடிக் கதை வழிவழியாக வந்தது. எது எந்த வகை என்று கேட்பவர்களுக்குத் தெரிய வேண்டும்.

சுரங்கத்துக்கு முன் கதையை முடித்துவிடுங்கள். உள்ளே போனதும் பேச வேண்டாம், அந்த இருட்டை அவர்கள் அனுபவிக்கட்டும். கண்டாகாட் தாண்டி கனோ ஸ்டேஷன் அருகே நான்கு அடுக்கு வளைவுகளோடு ஒரு பாலம் வரும், எண் 541. அதற்கு ஐந்து நிமிடம் முன்னால் மட்டும் ஒரு குரல் கொடுங்கள். மற்றபடி தேவதாரு மரங்களை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

ரயில் வரவில்லை என்றால்

மலைப் பாதையில் இது நடக்கும். கால்காவிலிருந்து சிம்லாவுக்குச் சாலை உண்டு, தர்மபூர், சோலன் வழியாக மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். மார்ச்சில் போனபோதே கால்காவில் இரண்டு வேன் ஓட்டுநர்களின் எண்களை வாங்கி வைத்தேன். மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், பாதி ரொக்கமாக. செலவாகாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

தகவல் தெரிந்த உடனே குழுவிடம் சொல்லுங்கள். "இன்னும் பார்க்கிறேன், பார்க்கிறேன்" என்று ஒரு மணி நேரம் இழுத்தால் அவர்களே வதந்தி கட்டிக்கொள்வார்கள். என்ன நடந்தது, நம்மிடம் என்னென்ன வழி இருக்கிறது, எப்போது முடிவு சொல்வேன் என்று மூன்றையும் சொல்லுங்கள். ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நீங்கள் அதில் போகாவிட்டால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் அந்த ரயில் புறப்படுவதற்குள் டி.டி.ஆர். (பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பம்) பதிய வேண்டும். பரபரப்பில் இதை மறந்துவிடுவார்கள், அட்டையின் பின்பக்கம் எழுதி வையுங்கள்.

வருகிற செவ்வாய்க்கிழமை காலை 8 மணிக்கு எங்கள் டெல்லி டிக்கெட்டுக்கு முன்பதிவு திறக்கிறது. ஏழு வீடுகளில் ஏழு பேர் தயாராக உட்கார்ந்திருப்பார்கள். திங்கள் இரவே எல்லோருக்கும் ஒரு முறை போன் செய்து கணக்கின் கடவுச்சொல் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். பாட்டிக்கு இணையம் தெரியாது, அவருடைய டிக்கெட்டைப் பேத்தி எடுக்கிறாள். பரோக் வரை ஜன்னல் ஓரம் அவருக்குத்தான் என்று நோட்டில் எழுதிவிட்டேன்.